சாய்துளை, சம இடைவெளி: பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஜாப் ஒர்க் செய்கிற சின்னப் பட்டறையில் மில்லிங் பக்கமும் டிரில்லிங் பக்கமும் பல வருடம் நின்றிருக்கிறேன். நேர் துளை போடும்போது யாரும் என்னைத் தேடி வருவதில்லை. வட்டத்தில் சம இடைவெளி, அதோடு சாய்வு என்று டிராயிங்கில் வந்துவிட்டால் போதும், பையன்களும் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் வரிசையாக வருவார்கள். அவர்கள் கேட்டதை அவர்கள் பேச்சிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

கணக்கு புரிய ஒரே ஜாபை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பர்னருக்கான எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) வளையம். வெளி விட்டம் 140 மி.மீ., நடுப் போர் (நடுத் துளை) 80, தடிமன் 20. மேல் முகத்தில் 110 பிசிடியில் (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 6 மி.மீ. துளை 12. எல்லாத் துளையும் 30 டிகிரி சாய்ந்து, கீழே மையத்தை நோக்கிக் குவிய வேண்டும். இனி 'வளையம்' என்றால் இதுதான்.

சாய்வு ஓட்டைன்னா எதுக்கு இவ்வளவு யோசனை? ஜாபைச் சாய்ச்சு வெச்சு டிரில்லை இறக்கினா போதாதா?

நேர் துளைக்கு மேல் முகத்தில் எங்கே தொடங்குகிறதோ, கீழ் முகத்திலும் அதே இடம்தான். சாய்துளைக்கு அப்படி இல்லை. மேலே ஒரு வட்டம், கீழே வேறு வட்டம். நம் வளையத்தில் 20 தடிமனை 30 டிகிரி டேன் மதிப்பான 0.577-ஆல் பெருக்கினால் 11.55 வருகிறது. துளை அவ்வளவு தூரம் உள்ளே நகர்ந்துதான் வெளியே வருகிறது. மேலே ஆரம் 55, கீழே 43.45. மேலே 110 பிசிடி, கீழே 86.9.

அதனால் எந்த அளவைப் பார்த்தாலும் "இது எந்த முகத்தின் அளவு?" என்று முதலில் கேளுங்கள். மேல் முகமா, கீழ் முகமா, டிரில்லுக்கு நேர்க்குறுக்கான தளமா என்று ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் எழுதி வையுங்கள். நான் பார்த்த பாழான ஜாப்களில் பெரும்பாலானவை டிரில் தொடுவதற்கு முன்பே, இந்தக் கேள்வி கேட்கப்படாத இடத்திலேயே பாழானவை.

டிராயிங்ல 30 டிகிரின்னு மட்டும் போட்டிருக்கு அண்ணா. எதுலேர்ந்து 30?

டிராயிங்கில் கோணத்தின் வில் எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது என்று பாருங்கள். துளையின் அச்சுக்கும் வளையத்தின் நடு அச்சுக்கும் இடையே 30 என்றால், முகத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அது 60. முகத்திலிருந்து 30 என்றால், நடு அச்சிலிருந்து 60. இரண்டும் முற்றிலும் வேறு ஜாப். முதலாவதில் துளை 11.55 நகரும், இரண்டாவதில் 34.64 நகரும்.

வில் தெளிவாக இல்லாவிட்டால் கட்டிங் வியூவில் (வெட்டுத் தோற்றத்தில்) கீழ் வட்டத்தின் அளவு இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் மேல் சொன்ன பெருக்கலிலேயே எது என்று தெரிந்துவிடும். அதுவும் இல்லாவிட்டால் டிராயிங் கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஊகித்து மெஷினில் ஏற்றாதீர்கள். இந்தப் பக்கம் முழுக்க 30 என்று நான் சொல்வது நடு அச்சிலிருந்து.

12 ஓட்டைக்கு நடுவுல எத்தனை இடைவெளி? நேர் கோட்டுல வர்றப்ப மட்டும் ஏன் இடிக்குது?

வட்டத்தில் 12 துளைக்கு 12 இடைவெளி. 360-ஐ 12-ஆல் வகுத்தால் 30 டிகிரி. நேர்கோட்டில் 12 துளைக்கு 11 இடைவெளிதான். முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் நடுவே 270 மி.மீ., மொத்தம் 10 துளை என்றால் இடைவெளி 30, 27 இல்லை. அனுபவசாலிகளும் அவசரத்தில் இங்கே தவறுவார்கள்.

டிவைடரை விரிச்சு ஒவ்வொரு எட்டா வெச்சுக் குறிச்சா என்ன தப்பு?

தப்பில்லை, ஆனால் பிழை சேர்ந்துகொண்டே போகும். அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நேர்த்தூரம் என்பது பிசிடியை, 180-ஐத் துளை எண்ணிக்கையால் வகுத்து வரும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைப்பது. வளையத்துக்கு 110 பெருக்கல் சைன் 15, அதாவது 28.47. டிவைடர் முனை 0.1 கூடுதலாக விரிந்திருந்தால் 12 எட்டு முடியும்போது 1.2 மி.மீ. தள்ளி நிற்பீர்கள். அந்த 1.2 முழுவதும் கடைசி இடைவெளியின் தலையில் விழும்.

குறித்துத்தான் ஆக வேண்டும் என்றால், எல்லாவற்றையும் ஒரே தொடக்கத்திலிருந்து அளந்து குறியுங்கள். 12-க்கு இன்னொரு நல்ல வழி உண்டு. ஆரம் அளவுக்கு, அதாவது 55-க்கு டிவைடரை விரித்தால் வட்டம் ஆறாகப் பிரியும். பிறகு ஒவ்வொன்றையும் பாதியாக்கலாம். ஆறாவது எட்டு முதல் புள்ளியில் வந்து விழுகிறதா என்பதே சோதனை.

டிவைடிங் ஹெட்ல கிராங்க்கை எத்தனை சுத்து சுத்தணும்? 7 ஓட்டைன்னா கணக்கே வரலையே?

டிவைடிங் ஹெட் என்பது ஜாபைச் சம பங்காகத் திருப்பும் கருவி. பெரும்பாலானவற்றில் கிராங்க் 40 சுற்று சுற்றினால் ஸ்பின்டில் ஒரு சுற்று சுற்றும். 40-ஐத் துளை எண்ணிக்கையால் வகுத்தால் கிராங்க் சுற்று கிடைக்கும். 12 துளைக்கு 3 முழுச் சுற்று, கூடவே மூன்றில் ஒரு பங்கு. இன்டெக்ஸ் பிளேட்டில் (துளை வட்டங்கள் உள்ள தட்டு) 18 துளை வட்டத்தைப் பிடித்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது 6 துளை. 7 என்றால் 5 முழுச் சுற்றும் ஏழில் ஐந்து பங்கும். 7-ஆல் வகுபடும் வட்டம் எது என்று தேடுங்கள்: 21 வட்டத்தில் 15 துளை, 49 வட்டத்தில் 35 துளை.

எண்ணும்போது கிராங்க்கின் பின் (ஊசி) நிற்கிற துளையை 'ஒன்று' என்று எண்ணக் கூடாது. அடுத்ததிலிருந்துதான் ஒன்று. தட்டின் மேலுள்ள இரண்டு கைகளான செக்டர் ஆர்ம்களை இடைவெளிக்கு ஏற்ப வைத்துக்கொண்டால் எண்ணவே வேண்டாம். ரோட்டரி டேபிள் (ஜாபைத் திருப்பும் வட்ட மேசை) என்றால் அதன் விகிதத்தை முதலில் பாருங்கள். 90-க்கு 1 என்றால் ஒரு சுற்று 4 டிகிரி, நம் 30 டிகிரிக்கு ஏழரைச் சுற்று. 72-க்கு 1 என்றால் ஒரு சுற்று 5 டிகிரி, அப்போது 6 சுற்று. பக்கத்து மெஷினில் எத்தனை சுற்று சுற்றினார்கள் என்பதை நம்பித் தொடங்காதீர்கள்.

சரியாத்தான் எண்ணினேன். கடைசி ஓட்டைக்கும் முதல் ஓட்டைக்கும் நடுவுல மட்டும் இடைவெளி மாறுது. ஏன்?

வார்ம் கியரில் (கிராங்க் திருப்பும் திருகுப் பல்சக்கரம்) இருக்கும் லூஸ்தான் காரணம். எப்போதும் ஒரே திசையில் சுற்றி வந்து நிறுத்துங்கள். துளையைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் மட்டும் பின்னால் இழுத்து நிறுத்தக் கூடாது. அரைச் சுற்றாவது பின்னால் போய், பழைய திசையிலேயே மறுபடி வந்து பின்னை விழவிட வேண்டும். முதல் துளைக்கும் இதே விதிதான். பூஜ்யத்தில் நிற்கும்போதே லூஸ் எடுத்துவிட்டு நிற்க வேண்டும். பலர் மறப்பது இந்த முதல் துளையைத்தான், அதனால்தான் குறை கடைசி இடைவெளியில் தெரிகிறது.

இன்னொன்று, துளையிடும் முன் ஸ்பின்டில் லாக்கை இறுக்குங்கள். சாய்துளையில் டிரில் பக்கவாட்டில் தள்ளும். லாக் இல்லாவிட்டால் லூஸ் இருக்கிற அளவுக்கு ஜாப் திரும்பும். அடுத்த துளைக்கு நகரும் முன் லாக்கைத் தளர்த்தவும் மறக்க வேண்டாம்.

மெஷின் ஹெட்டைச் சாய்க்கிறதா, ஜாபைச் சாய்க்கிறதா? எது நல்லது?

டரட் மில்லிங் மெஷினில் இரண்டும் முடியும். ஹெட்டைச் சாய்த்தால் ரோட்டரி டேபிள் தட்டையாகவே இருக்கும், ஜாபைப் பிடிப்பது சுலபம். ஆனால் ஃபீட் (டிரில்லை உள்ளே செலுத்துவது) குயில் வழியாக, அதாவது ஸ்பின்டிலை இறக்கும் உருளை வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும். நீ-யை (டேபிளைத் தாங்கி ஏற்றி இறக்கும் பாகத்தை) உயர்த்தினால் ஜாப் செங்குத்தாக ஏறும், டிரில் சாய்ந்து நிற்கும், டிரில் முறிந்துவிடும். வேலை முடிந்ததும் ஹெட்டைத் திரும்ப நேராக்க டயல் (நகர்வைக் காட்டும் கடிகார அளவி) போட்டு டிராம், அதாவது ஸ்பின்டில் டேபிளுக்குச் செங்குத்தா என்று பார்க்க வேண்டும். அதற்கே அரை மணி போகும்.

நான் பெரும்பாலும் ஜாபைத்தான் சாய்ப்பேன். டில்டிங் ஆங்கிள் பிளேட் (சாய்க்கக்கூடிய தாங்கி), அதன் மேல் ரோட்டரி டேபிள், அதன் மேல் ஜாப். சாய்க்கிற டிவைடிங் ஹெட் இருந்தால் இரண்டு வேலையும் ஒன்றிலேயே முடியும். அடுக்கு உயர உயர ஆட்டம் கூடும், அதனால் அடிக் கிளாம்ப்களில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

30 டிகிரியை எப்படி செட் பண்றது? ஆங்கிள் பிளேட்ல இருக்கிற கோடு போதுமா?

கோட்டைப் பார்த்து வைத்தால் அரை டிகிரி முன்னே பின்னே போகலாம். அது போதுமா என்பது ஜாபைப் பொறுத்தது. வளையத்தில் 30-க்குப் பதில் 30.5 ஆனால் கீழ் முகத்தில் துளை 0.23 மட்டுமே நகரும். ஆனால் 12 துளைகளின் அச்சும் சந்திக்கும் புள்ளி மேல் முகத்திலிருந்து 95.3 மி.மீ. கீழே இருக்க வேண்டியது, 93.4-க்கு வந்துவிடும். சுடரின் இடம் முக்கியம் என்றால் அந்த 2 மி.மீ. பெரிய விஷயம்.

சைன் டேபிள் (ரோலரின் கீழ் உயரம் வைத்துக் கோணம் தரும் மேசை) இருந்தால் கவலையில்லை. ரோலர் மையத் தூரம் 200 என்றால், 200-ஐ சைன் 30-ஆல் பெருக்கி 100 மி.மீ.க்கு ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டைகள்) அடுக்கினால் 30 டிகிரி நிற்கும். 25 டிகிரி என்றால் 84.52. 45 டிகிரிக்கு மேல் சைன் முறையை நம்பாதீர்கள். அடுக்கில் வரும் சின்னப் பிழையும் கோணத்தில் பெரிதாகத் தெரியும். சாதாரண ஆங்கிள் பிளேட்தான் இருக்கிறது என்றால், கிரைண்ட் பண்ணின 30 டிகிரி ஆங்கிள் பிளாக்கை அதன் சாய்ந்த முகத்தில் எதிர்ச் சாய்வாகக் கிளாம்ப் பண்ணுங்கள். பிளாக்கின் மேல் முகம் இப்போது மட்டமாக இருக்க வேண்டும். ஸ்பின்டிலில் டயலை மாட்டி அதன் மேல் ஓட்டுங்கள். ஊசி நகராமல் இருந்தால் 30 சரி.

சாய்ச்ச பிறகு சென்டர் எங்க இருக்குன்னே தெரியல. எட்ஜ் ஃபைண்டரை எதுல வைக்கிறது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். எட்ஜ் ஃபைண்டரால் (விளிம்பைத் தொட்டு இடம் காட்டும் கருவி) சாய்ந்த ஜாபின் விளிம்பைத் தொட்டு அளந்தால் எதற்கும் ஒத்துவராது. அதற்குத்தான் குண்டு. தண்டோடு கூடிய டூலிங் பால் (துல்லியமான உருண்டை) ஒன்றை, வளையத்தின் 80 போரில் இறுக்கமாக உட்காரும் பிளக்கின் நடுவில் பொருத்துங்கள். குண்டின் மையம் ஜாபின் மேல் முகத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஜாபைச் சாய்க்கும் முன்பே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது சாய்க்கலாம். குண்டை எந்தப் பக்கம் தொட்டாலும் குண்டுதான். இடமும் வலமும் எட்ஜ் ஃபைண்டரால் தொட்டு நடுவை எடுத்தால் குண்டின் மையம் கிடைக்கும். முன்னும் பின்னும் அதேபோல். முகத்தின் மையம் அதிலிருந்து 15 பெருக்கல் சைன் 30, அதாவது 7.5 மி.மீ. தள்ளி, முகம் உயர்ந்திருக்கிற பக்கமாக இருக்கும். அங்கிருந்து துளையின் இடத்துக்கு, ஆரம் 55-ஐ காஸ் 30-ஆல் பெருக்கி 47.63 மி.மீ. போக வேண்டும். 55-ஐ அப்படியே டேபிளின் கைச்சக்கர டயலில் திருப்பினால் தப்பு. 55 என்பது முகத்தின் மேல் அளந்த தூரம். மெஷின் டேபிள் போவது மட்டத்தில்.

உள்பக்கம் குவிய வேண்டியது வெளிப்பக்கம் விரிஞ்சு போச்சு. எந்தப் பக்கம் போடணும்?

சாய்த்த வளையத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் உயர்ந்திருக்கும், எதிர்ப்பக்கம் தாழ்ந்திருக்கும். உயர்ந்த பக்கத்தில் துளையிட்டால் கீழே போகப் போக மையத்தை நோக்கிக் குவியும். தாழ்ந்த பக்கத்தில் இட்டால் வெளியே விரியும். நம்பிக்கை வராவிட்டால் ஒரு தடிமனான அட்டையைச் சாய்த்துப் பிடித்து, அதில் ஓர் ஊசியைச் செங்குத்தாகக் குத்திப் பாருங்கள். இந்த ஒரு நிமிஷச் சோதனையை நான் இன்னும் விடவில்லை.

மையத்தைப் பார்க்காம, சுத்தி ஒரே திசையில பக்கவாட்டா சாயணும்னா செட்டப்பை மாத்தணுமா?

காற்றைச் சுழற்றிவிடும் வளையங்களில் இப்படித்தான் வரும். செட்டப்பை மாற்ற வேண்டியதே இல்லை, இதில் எனக்கு இன்றும் ஓர் ஆச்சரியம் உண்டு. அதே சாய்வு, அதே ரோட்டரி டேபிள். ஸ்பின்டிலை உயர்ந்த பக்கத்துக்குக் கொண்டுபோகாமல், முகத்தின் மையத்திலிருந்து நேராக முன்பக்கமோ பின்பக்கமோ 55 மி.மீ. நகர்த்துங்கள். அந்தத் திசையில் முகம் மட்டமாகவே இருப்பதால் 55-ஐ காஸால் பெருக்க வேண்டாம். அங்கே இடும் துளை வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் சாயும். முன்பக்கம் இட்டால் சுழற்சி ஒரு திசை, பின்பக்கம் இட்டால் எதிர்த் திசை.

உயர்ந்த பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே எங்கேயாவது இட்டால் கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் பக்கவாட்டிலும் சாயும். இதைத்தான் கூட்டுக் கோணம் என்பார்கள். டிராயிங்கில் முன் தோற்றத்தில் 30, பக்கத் தோற்றத்தில் 20 என்று இரண்டு கோணம் போட்டிருந்தால், இரண்டையும் தனித்தனியாகச் சாய்க்கக் கூடாது. இரண்டின் டேன் மதிப்புகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் உண்மைச் சாய்வின் டேன் கிடைக்கும். இந்த உதாரணத்துக்கு அது 34.31 டிகிரி. ஜாபைத் திருப்ப வேண்டிய கோணத்துக்கு 20-ன் டேனை 30-ன் டேனால் வகுத்தால் அந்தக் கோணத்தின் டேன் கிடைக்கும். கோணம் 32.23 டிகிரி வரும்.

டிரில் தொட்டதும் சறுக்கிக் கீழ்ப்பக்கமா போயிடுது. சென்டர் பஞ்ச் அடிச்சும் நிக்கல.

சாய்ந்த முகத்தில் பஞ்ச் குழி டிரில்லை நிறுத்தாது. டிரில்லின் ஒரு வெட்டு முனை மட்டும் முதலில் உலோகத்தைத் தொடுகிறது, அது டிரில்லை இறக்கத்துப் பக்கம் வளைக்கிறது. முதலில் டிரில்லுக்கு ஒரு தட்டையான தரை செய்துகொடுங்கள். நடுவிலும் வெட்டுகிற 6 மி.மீ. எண்ட் மில்லை (தட்டை முனையுள்ள வெட்டும் கருவி) மெதுவாக இறக்குங்கள். 6-ஐ டேன் 30-ஆல் பெருக்கினால் 3.46, அவ்வளவு ஆழம் போனதும் முழு வட்டமும் தட்டையாகிவிடும். எண்ட் மில் எவ்வளவு குட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது. பிறகு சென்டர் டிரில், பிறகு டிரில்.

எண்ட் மில் வெட்டிய குழி டிரில்லுக்கு ஒரு புஷ் (டிரில்லை நேராகப் பிடிக்கும் குழாய்) மாதிரியும் இருக்கும். துல்லியம் வேண்டும் என்றால் 5.8 டிரில் போட்டு 6 ரீமர் (துளையைத் துல்லிய அளவாக்கும் கருவி) ஓட்டுங்கள்.

டிரில் எவ்வளவு நீளம் வெளிய இருக்கணும்? என்ன ஸ்பீடு?

சாய்வில் ஆழமும் கூடும். 20-ஐ காஸ் 30-ஆல் வகுத்தால் 23.1. வாயும் வெளியேறும் இடமும் சாய்ந்திருப்பதால் இன்னொரு 3.5. 118 டிகிரி டிரில்லின் முனை விட்டத்தில் 0.3 பங்கு, அதாவது 1.8. மொத்தம் சுமார் 28.5. இதோடு, உயர்ந்த பக்கத்தில் துளைக்கு வெளியே வளையத்தின் விளிம்பு 15 மி.மீ. மிச்சம் இருக்கிறது. அது சாய்ந்து 7.5 மேலே நிற்கும், டிரில்லைப் பிடிக்கும் சக் அதில் இடிக்கக் கூடாது. ஆக 40 மி.மீ. வெளியே இருக்கட்டும். 6 மி.மீ. ஸ்டப் (குட்டை) டிரில்லில் வெட்டுப் பகுதி 28 தான். தொடக்கத்துக்கு அது, முடிக்க 57 வெட்டு நீளமுள்ள சாதா ஜாபர் டிரில்.

எம்எஸ்ஸில் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரில்லுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று எடுத்தால், 6 மி.மீ.க்கு நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்று. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் அதில் பாதி. நுழையும்போதும் வெளியேறும்போதும் ஃபீடைப் பாதியாக்குங்கள்.

கீழ வெளிய வர்றப்ப டக்குனு இழுத்து முறியுது. ஒரு தடவை போரையே கிழிச்சிடுச்சு.

வெளியேறும்போது ஒரு பக்கம் முதலில் திறந்துவிடும், மறுபக்கம் இன்னும் உலோகத்தில் இருக்கும். டிரில் அந்தத் திறந்த பக்கம் பாயும். ஜாபுக்கு அடியில் அதே உலோகத்தில் ஒரு தட்டை ஒட்டிக் கிளாம்ப் பண்ணினால் டிரில்லுக்குத் திறந்த பக்கமே தெரியாது. கடைசி 5 மி.மீ.க்கு ஆட்டோ ஃபீடை விட்டுவிட்டுக் கையால் இறக்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு டிரில் பக்கம் நிற்காதீர்கள்.

போர் கிழிந்தது வேறு விஷயம், அது எனக்கும் நடந்தது. இதே வளையம்தான். மேல் முகத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டு முதல் துளையை முடித்தேன். போருக்குள் விரலை விட்டுப் பார்த்தால் கீழ் விளிம்பில் மயிரிழை போல ஒரு பிறை, தொட்டால் வெட்டுகிற கூர்மையில். கீழ் முகத்தில் துளையின் மையம் 43.45 ஆரத்தில் வருகிறது. சாய்ந்த துளையின் வாய் வட்டமாக இருக்காது. 6-ஐ காஸ் 30-ஆல் வகுத்து 6.93 நீள முட்டை வடிவம். அதில் பாதி 3.46 கழித்தால் 39.99. போரின் ஆரமோ 40. சுவரே மிச்சமில்லை. டிராயிங் கொடுத்தவரிடம் பேசி, அடுத்த வளையங்களுக்குப் போரை 76 ஆக்கினோம், 2 மி.மீ. சுவர் கிடைத்தது. அன்றிலிருந்து கீழ் முகத்தை ஒரு தாளில் நிஜ அளவில் வரைந்து பார்க்காமல் சாய்துளை ஜாபைத் தொடுவதில்லை.

வட்டம் இல்ல, நேர் பட்டை. 25 மி.மீ. இடைவெளி. டயல்ல 25 திருப்பினேன், பட்டைல 29 வருது?

பட்டையை நீளவாக்கில் 30 டிகிரி சாய்த்திருப்பீர்கள். டேபிள் மட்டத்தில் 25 போனால் பட்டையின் மேல் அது 25 வகுத்தல் காஸ் 30, அதாவது 28.87. பட்டையில் 25 வேண்டும் என்றால் டயலில் 21.65 திருப்புங்கள். ஒவ்வொரு துளைக்கும் உயரமும் 12.5 மாறும், ஆழ நிறுத்தத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

பட்டையை அகலவாக்கில் சாய்த்தால் இந்தத் தொல்லை இல்லை, டயலில் 25 என்றால் 25 தான். சாய்வு எந்தத் திசையோ அந்தத் திசையில் மட்டும்தான் காஸ் வரும். தொடுகோட்டுத் துளை பற்றிய பதிலில் 55-ஐ அப்படியே விட்டதும் இதனால்தான்.

முதல் பீஸ் அளவு சரி. செட்டப்பைத் தொடவே இல்ல, அடுத்த பீஸ்ல பிசிடி மாறிடுச்சு. எப்படி?

தடிமனை அளந்து பாருங்கள். நேர் துளையில் ஜாபின் தடிமன் மாறினாலும் பிசிடி மாறாது. சாய்துளையில் மாறும். முகம் 0.5 மி.மீ. உயர்ந்தால், அந்த முகத்தில் துளை விழும் இடம் 0.5 பெருக்கல் டேன் 30, அதாவது 0.29 நகர்கிறது. பிசிடியில் அது இரட்டிப்பாகி 0.58. ஜாபுக்கு அடியில் ஒரு சில்லு மாட்டியிருந்தாலும், பர் (விளிம்புப் பிசிறு) எடுக்காமல் உட்கார வைத்தாலும் இதே கதைதான்.

அதனால் சாய்துளைக்கு வரும் ஜாப்களின் இரண்டு முகத்தையும் ஒரே தடிமனுக்குக் கிரைண்ட் பண்ணிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் மேல் முகம் நிறுத்தத்தில் முட்டும்படி ஃபிக்சர் செய்யுங்கள். தடிமன் வித்தியாசம் அடிப்பக்கம் போய்விடும்.

எங்ககிட்ட மில்லிங் மெஷினே இல்ல. பில்லர் டிரில் மட்டும்தான். முடியாதா?

முடியும், நேரம் மட்டும் கூட ஆகும். எம்எஸ் தட்டுகளை வெல்ட் பண்ணி, முகத்தை 30 டிகிரிக்கு மெஷின் பண்ணின ஆப்பு ஒன்றை வெளியே செய்து வாங்குங்கள். அதன் நடுவில் 80 போரில் உட்காரும் பிளக். அந்தப் பிளக்கின் அச்சிலேயே 60 பல் லேத் கியர் ஒன்றை மாட்டி, ஜாபை அதோடு சேர்த்து இறுக்குங்கள். ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு பல்லில் விழட்டும். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5. ஐந்து பல்லுக்கு ஒரு துளை. கியரில் 1, 6, 11 என்று சாக்பீஸால் குறித்துவிட்டால் எண்ணிக்கை தவறாது.

இங்கே எண்ட் மில் போட முடியாது, பில்லர் டிரில் ஸ்பின்டில் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. பதிலாகக் கடினமாக்கிய டிரில் புஷ் வேண்டும். புஷ்ஷின் அடிமுகத்தையும் 30 டிகிரிக்குச் சாய்வாகக் கிரைண்ட் பண்ணி, ஜாபின் முகத்தை உரசும் அளவுக்கு அருகில் வையுங்கள். நேர் துளை ஜிக்கில் சில்லு வெளியேற விடுகிற இடைவெளியை இங்கே விட்டால் டிரில் அந்த இடைவெளியிலேயே வளைந்துவிடும். இப்போது இட்ட துளையில் பின்னைச் செருகி அடுத்த துளைக்குத் திருப்பும் முறை சிலரிடம் உண்டு. டிவைடர் பற்றிச் சொன்ன அதே பிழைச் சேர்க்கை அதிலும் வரும்.

முடிச்சாச்சு. சரியா வந்திருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

எதிரெதிர் துளைகள் இரண்டில் 6 மி.மீ. நேர்ப் பின்களைச் செருகுங்கள். வளையத்தில் பின்கள் மேலே விரிந்து நிற்கும். முகத்திலிருந்து 50 மி.மீ. உயரத்தில் இரண்டு பின்களின் மையத் தூரம், 110 கூட்டல் 50-ன் இரு மடங்கு பெருக்கல் டேன் 30, அதாவது 167.7 வர வேண்டும். ஆறு ஜோடியையும் அளந்தால் எந்தத் துளை சாய்வில் தவறியது என்று தெரியும். பெவல் புரொட்ராக்டரைப் (கோணமானி) பின்னில் வைத்துத் தனியாகவும் பார்க்கலாம்.

இடைவெளிக்கு, துளை வாயில் வெர்னியரை வைத்து அளக்காதீர்கள். வாய் முட்டை வடிவம், தாடை எங்கே தொடும் என்று சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்துப் பின்களை முகத்தை ஒட்டிய இடத்தில் அளந்து, பன்னிரண்டு அளவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எல்லாம் ஒரே அளவு கூடியோ குறைந்தோ இருந்தால் பிசிடி தவறு. ஒன்றிரண்டு மட்டும் மாறினால் எண்ணிக்கையோ லூஸோ. பின்களுக்கும் போரின் விளிம்புக்கும் உள்ள தூரம் வட்டத்தின் பாதியில் கூடி மறுபாதியில் குறைந்தால், ஜாபின் மையம் ரோட்டரி டேபிளின் மையத்தில் உட்காரவில்லை. அடுத்த பீஸை ஏற்றும் முன் போருக்குள் டயலைச் சுற்றவிட்டுப் பாருங்கள்.